கரிமமும் கனிமமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் என்னைக் கல்வியின் இன்றியமையாமை பற்றிப் பேசுமாறு பணித்தனர். இம்மேடையில் அப்பொருள் பற்றி அறிஞர் பலர் பேசிவிட்டனர். கல்வி தேவை, கல்வி தேவை என்று ஒரு மணி நேரம் கூறுவதைவிட, ஏதேனும் ஒரு பாடத்தை உங்களோடு அமர்ந்து கற்றுப் பார்ப்பதே நன்றென எனக்குத் தோன்றிற்று. ஆகவே, வேதியியலில் கரிமப் பொருள் என்றும் கனிமப் பொருள் என்றும் வகுத்துக் கூறுகின்றார்களே, அவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது என்பதையே இன்று எடுத்துக்கொள்கின்றேன்.

வரலாறு படித்த பி.ஏ., பி.எட். பட்டதாரிக்கு வேதியியலில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடை சொல்லிவிட்டுப் பாடத்திற்குள் செல்கின்றேன். 1986-ஆம் ஆண்டு நான் பத்தாம் வகுப்பில் தேறி, மேல்நிலை முதலாண்டில் சேர்வதற்காக என் தந்தையாருடன் ஒரு பள்ளிக்குச் சென்றேன். அறிவியலில் நான் பெற்ற மதிப்பெண் 81. சேர்க்கை நடத்தியவர் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் தெருவின் பெயரைக் கேட்டார். கேட்டதும், "இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் ஏறாது; கலைப்பிரிவில் எழுதிக்கொள்" என்று எழுத்தரிடம் கூறிவிட்டார். என் தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி, எழுத்தறியாதவர். அவர் கைகட்டி நின்றார். நானும் வாய் திறக்கவில்லை. அன்றோடு எனக்கும் அறிவியலுக்கும் உறவு அற்றது.

வரலாறு எனக்கு நல்லாசிரியனாகவே அமைந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆயினும் பல ஆண்டுகளுக்குப் பின், நான் பணியாற்றிய உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் மாறுதலில் செல்ல, அவ்விடம் ஓராண்டு நிரப்பப்படாமல் கிடந்தது. பத்தாம் வகுப்பு மாணவர்களைக் கைவிட மனமின்றி, நானே அப்பாடத்தை எடுத்துக்கொண்டேன். அவர்களுக்கு ஓரிரவு முந்திப் படித்து, மறுநாள் நடத்தினேன். ஏறாது என்று சொல்லப்பட்ட பாடம் எனக்கு ஏறிற்று. அங்ஙனம் கற்றதில் என் நெஞ்சைவிட்டு நீங்காத பாடமே இன்றைய பொருள்.

முதலில் அடுக்களைக்குச் செல்வோம். ஓர் இரும்புக் கரண்டியில் சிறிது சருக்கரையை இட்டு அடுப்பின் மேல் பிடியுங்கள். அது உருகும், பொன்னிறமாகும், பழுப்பாகும், புகையும், இறுதியில் கருநிறக் கரியாக எஞ்சும். மற்றொரு கரண்டியில் உப்பை இட்டு அவ்வாறே பிடியுங்கள். அது படபடவென வெடிக்கும். ஆனால் உருகாது, கருகாது. ஆறியபின் நாவில் வைத்தால் அதே உப்புத்தான். இரண்டும் வெண்மையானவை, இரண்டும் நீரில் கரைபவை. ஆயினும் நெருப்பு அவற்றைப் பிரித்துக் காட்டிவிட்டது.

அந்தக் கரி எங்கிருந்து வந்தது? சருக்கரையின் ஒரு மூலக்கூறில் 12 கரி அணுக்களும், 22 ஹைட்ரஜன் அணுக்களும், 11 ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. சூடேற்றும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பெரும்பாலும் நீராவியாக வெளியேறிவிட, உள்ளிருந்த கரி வெளிப்பட்டு நிற்கின்றது. உப்பிலோ கரி என்பதே இல்லை. அது சோடியமும் குளோரினும் சேர்ந்த சேர்மம். கரி அணுவை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்கள் கரிமச் சேர்மங்கள். ஏனையவை கனிமச் சேர்மங்கள். சருக்கரை, மாவு, எண்ணெய், பஞ்சு, மரம், தோல், மண்ணெண்ணெய், சாராயம் ஆகியன முன்னவை. உப்பு, சுண்ணாம்பு, துருசு, படிகாரம், நீர் ஆகியன பின்னவை.

இவ்விரு வகைகளின் குணங்களைச் சுருங்கக் கூறுவேன். கரிமப் பொருள்கள் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும். குறைந்த வெப்பத்திலேயே உருகும். துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டையாகிய நாப்தலீன் 80 பாகை செல்சியசில் உருகிவிடும். உப்பு உருகுவதற்கோ 801 பாகை வேண்டும். அடுப்பில் உப்பு அசையாதிருந்ததன் காரணம் இதுவே. எண்ணெயும் மெழுகும் நீரில் கரைவதில்லை. பெட்ரோல் போன்ற நீர்மங்களில் கரைகின்றன. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். சருக்கரைக் கரைசல் கடத்தாது. உப்பில் மின்னூட்டம் பெற்ற அயனிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியுள்ளன. நீரில் அவை பிரிந்து உலவுகின்றன. கரிமப் பொருள்களில் அணுக்கள் தம் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு இணைந்துள்ளன. அம்மூலக்கூறுகள் ஒன்றையொன்று மெல்லவே பற்றியுள்ளன.

இவையெல்லாம் பொதுக் குணங்களேயன்றி மாறா விதிகளல்ல என்பதை மாணவர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். சருக்கரை கரிமப் பொருளாயினும் நீரில் நன்கு கரைகின்றது. கார்பன் டெட்ரா குளோரைடு கரிமச் சேர்மமாயினும் எரிவதில்லை. ஒரு காலத்தில் அதைத் தீயணைக்கவே பயன்படுத்தினர். அதுபோலவே கரியமில வாயுவிலும், சுண்ணாம்புக் கல்லிலும், சலவைச் சோடாவிலும் கரி அணு இருந்தும், வழக்கம் பற்றி அவற்றைக் கனிமப் பொருள்களோடு வைத்தே கற்பிக்கின்றனர். ஆகவே இந்த எல்லைக்கோடு இயற்கை வரைந்ததன்று. கற்பதற்கு எளிதாகும் பொருட்டு மனிதர் வரைந்தது.

இந்தக் கோட்டை முதலில் யார், எதற்காக வரைந்தனர்? அங்கேதான் நம் பாடம் சுவை பெறுகின்றது.

17-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டு நிக்கோலா லெமரி என்பார், தம் வேதியியல் நூலில் பொருள்களைத் தாது, தாவரம், விலங்கு என்று அவை கிடைக்கும் இடம் பற்றி வகுத்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய வேதியியலாரின் தலைமகனாய் விளங்கிய சுவீடன் நாட்டு பெர்சீலியசு, உயிரினத்தின் உறுப்புகளில் தோன்றும் பொருள்களைத் தனி வகையாகவும், மண்ணிலும் கல்லிலும் கிடைப்பவற்றைப் பிறிதொரு வகையாகவும் கொண்டார். உயிரினப் பொருள்களை ஆய்வுக்கூடத்தில் எவராலும் ஆக்க முடியாது. அவற்றுக்கு 'உயிர்விசை' என்னும் தனியாற்றல் வேண்டும். அது உயிருள்ள உடலில் மட்டுமே உண்டு என்பது அக்காலத்துப் பலரின் நம்பிக்கை. அந்த விசையை எவரும் நிறுத்துப் பார்த்ததில்லை, அளந்து பார்த்ததுமில்லை. ஆயினும் இருக்கின்றது என்றே நம்பினர். ஒரு பொருளின் தகுதியை அது எங்கே பிறந்தது என்பதே முடிவு செய்தது.

1828-ஆம் ஆண்டு பெர்லின் நகரத்துத் தொழிற்பள்ளி ஒன்றில் ஆசிரியராய் இருந்த பிரீடரிக் வோலர் என்னும் 27 வயது இளைஞர், அம்மோனியம் சயனேட்டு என்னும் கனிம உப்பை ஆக்க முயன்றார். வெள்ளி சயனேட்டுடன் நவச்சாரக் கரைசலைச் சேர்த்தார். அவர் எதிர்பார்த்த உப்பு கிடைக்கவில்லை. மாறாக, நிறமற்ற படிகங்கள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தபோது, சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் யூரியாவின் குணங்கள் அனைத்தும் அவற்றில் இருக்கக் கண்டார். யூரியா 1773-ஆம் ஆண்டிலேயே சிறுநீரில் கண்டறியப்பட்டிருந்த பொருள். சிறுநீரகம் எதுவுமின்றி யூரியாவைத் தம்மால் ஆக்க முடிந்தது என்று அவர் தம் ஆசிரியராகிய பெர்சீலியசுக்கே மடல் எழுதினார்.

இந்நிகழ்ச்சியோடு உயிர்விசைக் கோட்பாடு ஒரே நாளில் இடிந்து வீழ்ந்தது என்று பாடநூல்கள் சில கூறும். வரலாறு படித்தவன் என்ற முறையில் அதை நான் சற்றுத் திருத்திக் கூற வேண்டும். பழைய நம்பிக்கைகள் ஒரே நாளில் வீழ்வதில்லை. அக்காலத்தில் சயனேட்டுகளுக்கு வேண்டிய மூலப்பொருளைக் கொம்பு, குளம்பு, குருதி போன்ற விலங்குப் பொருள்களை எரித்தே பெற்றனர். ஆதலின், உயிர்விசை அவற்றின் வழியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று வாதிடவும் இடமிருந்தது. 1845-ஆம் ஆண்டு கோல்பே என்பார், கரி, கந்தகம், குளோரின் முதலியவற்றிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் காடியின் புளிப்பாகிய அசெட்டிக் அமிலத்தை ஆக்கிக் காட்டினார். அதன்பின் பிரான்சில் பெர்த்தலோ மேலும் பல கரிமச் சேர்மங்களை ஆக்கினார். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகச் சான்றுகள் குவிந்த பின்னரே அந்தச் சுவர் சரிந்தது.

வோலர் கண்டதில் இன்னுமொரு வியப்பு உண்டு. அம்மோனியம் சயனேட்டின் மூலக்கூறு வாய்பாட்டிலும் யூரியாவின் மூலக்கூறு வாய்பாட்டிலும் இருப்பவை ஒரே அணுக்கள். கரி ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு. எண்ணிக்கையில் அணுவளவும் மாற்றமில்லை. அவை கைகோத்து நிற்கும் முறைதான் மாறியுள்ளது. இத்தகையவற்றை மாற்றியங்கள் என்பர். பின்னர் 1858-ஆம் ஆண்டு கெக்குலே, கூப்பர் ஆகிய இருவரும் தனித்தனியே ஆராய்ந்து, கரி அணுவிற்கு நான்கு இணைப்புக் கைகள் உண்டென்றும், அது தன்னினத்து அணுக்களோடு சங்கிலியாகத் தொடர வல்லதென்றும் விளக்கினர். இன்று அறியப்பட்டுள்ள பல கோடிச் சேர்மங்களுள் மிகப் பெரும்பாலானவை கரிமச் சேர்மங்களாய் இருப்பதன் இரகசியம் உயிர்விசையன்று. இந்த நான்கு கைகளே!

இங்கே நம் தமிழ்ச் சொல்லின் சிறப்பைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. பழைய பாடநூல்களில் அங்கக இரசாயனம், அனங்கக இரசாயனம் என்று எழுதினர். அங்கம் என்பது உறுப்பு. இலங்கைத் தமிழர் சேதனம், அசேதனம் என்பர். சேதனம் என்பது உயிருணர்வு. இவ்விரண்டும், ஆங்கிலச் சொல்லைப் போலவே, பொருளின் பிறப்பிடத்தை நோக்கி எழுந்த பெயர்கள். நாம் இன்று வழங்கும் கரிமம் என்னும் சொல்லோ, உள்ளே என்ன இருக்கின்றது என்பதை நோக்கி எழுந்த பெயர். பிறப்பை விட்டு அமைப்பைச் சொல்லும் பெயர்!

வேதியியல் உப்புகளைப் பற்றியது. மனிதரைப் பற்றி அது எதையும் மெய்ப்பிக்கவில்லை. ஆயினும், அளந்து பாராமலே ஒன்றைப் பிறப்பால் முடிவு செய்யும் சிந்தனை முறை இருக்கின்றதே, அது ஆய்வுக்கூடத்திலும் ஒன்றுதான், பள்ளிச் சேர்க்கை மேசையிலும் ஒன்றுதான். உயிர்விசையைப் போலவே, "ஏறாது" என்ற அந்தச் சொல்லையும் எவரும் சோதித்துப் பார்த்துச் சொன்னதில்லை.

இனி, நம் பெற்றோர் செய்த தொழிலுக்கு வருவோம். தோல் கொலாஜன் என்னும் புரதத்தாலானது, அது கரிமம். அழுகாதிருக்க அதன்மேல் தூவும் உப்பு கனிமம். மயிர் கழிய ஊறவைக்கும் சுண்ணாம்பு கனிமம். பின்னர் தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் கரிமம். டானின் கொலாஜன் இழைகளைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் தோல் அழுகாத பதம் பெறுகின்றது. வாரக்கணக்கில் நடைபெறும் இப்பட்டைப் பதனீட்டிற்கு மாற்றாக, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் குரோமியம் என்னும் கனிமத்தின் உப்பைக் கொண்டு பதனிடும் முறை வளர்ந்தது. ஏறத்தாழ ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். தோல் கொதிநீரையும் தாங்கும். ஆனால் குரோமியம் கலந்த கழிவு மண்ணையும் நீரையும் கெடுத்தது. வேலூர் வட்டாரத் தோல் ஆலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

என் தந்தையார் தொட்டியில் கைவிட்டுத் தோலை மடித்துப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும் என்பார். அவர் சொன்னபடியே இருக்கும். அந்த வேலைக்கு உலகம் நாற்றம் என்ற பெயரையே வைத்தது. அதே வேலையை ஆராய்வதற்கென்று 1948-ஆம் ஆண்டு சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, பட்டம் பெற்ற அறிவியலாரை அமர்த்தினர். என் தந்தையார் கையால் அறிந்ததற்கு வாய்பாடு எழுதத் தெரிந்தவன் அன்று எங்கள் வீட்டில் இல்லை. இருந்திருக்க வேண்டியவன் நான்.

வயலுக்கு வருவோம். யூரியாவை இரசாயன உரம் என்றும், சாணத்தை இயற்கை உரம் என்றும் கூறுகின்றோம். வேதியியல் முறைப்படி யூரியாவும் கரிமச் சேர்மமே. ஆலையில் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் உயர் அழுத்தத்தில் இணைத்து ஆக்கும் யூரியாவும், மாட்டின் சிறுநீரில் உள்ள யூரியாவும் அணுவுக்கு அணு ஒன்றே. அங்ஙனமாயின் சாண உரம் வேண்டாவா? வேண்டும். யூரியா 100-க்கு 46 பங்கு நைட்ரஜனை விரைந்து தரும், அவ்வளவே. சாணமோ மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைத் தாங்கச் செய்து, நுண்ணுயிர்களை வளர்க்கும். கடைத்தெருவில் வழங்கும் 'இயற்கை' என்ற சொல் வேறு, வேதியியலார் கூறும் 'கரிமம்' வேறு. அவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவன் விளம்பரத்தில் ஏமாறுவான்.

இறுதியாக, உயிரைப் பற்றிய ஒன்றைக் கூற வேண்டும். மலக்குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் தேங்கிய கரிமப் பொருள்களை, காற்றில்லாத நிலையில் நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அப்போது மூன்று வாயுக்கள் எழுகின்றன. ஒன்று மீத்தேன்; அது கரிமம், சாண எரிவாயுவில் எரிவதும் அதுவே. இரண்டாவது கரியமில வாயு. மூன்றாவது ஹைட்ரஜன் சல்பைடு. கரி அணுவே இல்லாத கனிம வாயு. இது காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டை போல் நாறும். காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 100 பங்கை எட்டினால், மோப்ப உணர்வையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி அச்சமில்லை என்று இறங்குபவன் அப்பொழுதுதான் சாகின்றான். அவனைத் தூக்க இறங்கும் தம்பியும், தம்பியைத் தூக்க இறங்கும் அண்டை வீட்டுக்காரனும் அவ்வாறே மடிகின்றனர். தோல் ஆலைத் தொட்டிகளிலும், சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவோடு அமிலக் கழிவு சேருமாயின் இதே வாயு எழும்.

விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று சிலர் கூறுவர். ஆக்சிஜன் குறைந்தால் விளக்கு அணையும் என்பது மெய்யே. ஆனால், கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கையிலும் விளக்கு அணையாமல் எரியக்கூடும். மீத்தேன் இருந்தாலோ தீப்பிடித்து வெடிக்கும். ஆகவே அந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழியில் இறக்குதலை 2013-ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியுள்ளது. அங்ஙனம் இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கின்றது. ஆயினும் அவசரம் என்று சொல்லி, கூடுதல் கூலி காட்டி அழைப்பவர் நம் தெருவிற்குத்தான் வருகின்றார். அவ்வாறு எவரேனும் வந்தால், இறங்க மாட்டோம் என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் இன்றைய பாடத்தைச் சொல்லுங்கள். ஒருவன் ஏற்கெனவே உள்ளே விழுந்துவிட்டால், பின்னால் குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறையை உடனே அழையுங்கள். இந்த அவையில் அமர்ந்துள்ள இளைஞர் ஒருவரேனும் இதனை நினைவில் கொண்டு ஓர் உயிர் தப்புமாயின், நான் ஓரிரவு முந்திப் படித்த படிப்பு வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.

சங்கத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் மாலை வகுப்புகளில் ஆங்கிலமும் கணக்கும் நடைபெறுகின்றன. அவற்றோடு ஓர் ஆய்வுப் பெட்டியும் இருத்தல் வேண்டும். பத்துச் சோதனைக் குழாய்கள், ஒரு சாராய விளக்கு, ஒரு வெப்பமானி, சில உப்புகள் இருந்தால் போதும். நம் பிள்ளைகள் பிறர் செய்வதைப் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிராமல், தங்கள் கையால் செய்து பார்க்கட்டும். மேல்நிலை வகுப்பில் சேரும் காலம் வரும்போது சங்கத்துப் பெரியவர் ஒருவர் பிள்ளையோடும் பெற்றோரோடும் பள்ளிக்குச் சென்று, மதிப்பெண் பட்டியலை மேசை மேல் விரித்துவைத்துவிட்டு அருகில் நிற்கட்டும். 1986-இல் என் தந்தையார் தனியே நின்றார். இனி நம் பெற்றோர் எவரும் தனியே நிற்க வேண்டாம்.

மாணவச் செல்வங்களே! கலைப்பிரிவு தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. விரும்பிச் சேர்ந்தால் அது சிறந்த கல்வியே. ஆனால், உங்களுக்கு எது ஏறும், எது ஏறாது என்பதைப் பிறர் வாய்ச்சொல்லால் முடிவு செய்யாதீர்கள். நெருப்பில் வைத்துப் பாருங்கள். நீரில் கரைத்துப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.